என்எம்ஆர் கருவியில் சாம்பிள் சுழலவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவி வலுவான காந்தத்துக்குள் சாம்பிளை வைத்து, அணுக்கள் தரும் சிக்னலை ஸ்பெக்ட்ரமாகக் காட்டும். காந்தப்புலத்தின் சிறு ஏற்றத்தாழ்வுகள் சமன்பட, சாம்பிள் டியூபைக் காற்றால் சுழற்றுவார்கள். 5 மி.மீ. டியூபில் கரைசல் ஓட்டும் 300 முதல் 600 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கருவிகளுக்கு இந்த வழிமுறை பொருந்தும். திட மாதிரி ரோட்டர்களுக்கு (பொடி நிரப்பிச் சுழற்றும் சிறு உருளைகள்) தனிப் பகுதி பின்னால் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான்களின் பெயரும் காற்றுக்குழாய் அமைப்பும் மாறும். கோளாறு ஒளிந்திருக்கும் இடங்கள் அவ்வளவாக மாறுவதில்லை.

சுழற்சிக் கோளாறு என்றதும் கன்சோல் (கருவியின் மின்னணுப் பெட்டி) பக்கம் போக வேண்டாம். முதல் சந்தேகம் டியூப் மேல், அடுத்தது ஸ்பின்னர் (டியூபைப் பிடித்துச் சுழலும் பிடிப்பான்) மேல், மூன்றாவது காற்று மேல். ப்ரோபும் (காந்தத்துக்குள் இருந்து சிக்னலைப் பிடிக்கும் பகுதி) மின்னணு பலகைகளும் கடைசியில்தான் வரும். இந்த வரிசையை மாற்றினால் நேரமும் போகும், சில சமயம் ப்ரோபும் போகும்.

## எதையும் தொடும் முன்

ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு "நல்ல ஜோடி" தனியாக இருக்க வேண்டும். அதாவது நேரான, தரமான டியூப் ஒன்றில் 0.6 மில்லிலிட்டர் டியூட்டரேட்டட் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள) குளோரோஃபார்ம். அதோடு அன்றாட வேலைக்குக் கொடுக்காத ஒரு சுத்தமான ஸ்பின்னர். சுழற்சியில் எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் இந்த ஜோடியை இறக்குங்கள். அது ஒழுங்காகச் சுழன்றால் கருவி நன்றாக இருக்கிறது. கோளாறு மாணவர் கொண்டுவந்த டியூபிலோ அன்றாட ஸ்பின்னரிலோ இருக்கிறது. அதுவும் சுழலவில்லை என்றால் மட்டும் காற்றையும் கருவியையும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடச் சோதனைதான். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சாம்பிளை மேலே வைக்கும் முன் தூக்கும் காற்று (சாம்பிளைத் தாங்கி இறக்கவும் ஏற்றவும் வரும் காற்று) வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் பாருங்கள். காற்றில்லாத குழாயில் டியூபை விட்டால் அது நேராகக் கீழே போய் மோதும். உடைவது டியூப் மட்டுமல்ல, ப்ரோபின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயும் காயிலும் (சிக்னல் பிடிக்கும் கம்பிச்சுருள்) சேர்ந்து போகலாம். அதன் பழுதுச் செலவு லட்சங்களில்.

இரும்பு ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, சாவிக்கொத்து எதையும் காந்தத்தின் அருகே கொண்டு போகாதீர்கள். ஏணி மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆனதாக இருக்கட்டும். ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்கும் சுருள்கள்) அளவுகளைத் தொடும் முன் அப்போதிருக்கும் ஷிம் கோப்பைத் தேதி போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தச் சோதனைக்குச் சுழற்சி தேவையா? கோசி, எச்எஸ்க்யூசி, நோயிசி போன்ற இருபரிமாணச் சோதனைகளைச் சுழற்றாமல்தான் ஓட்ட வேண்டும். சுழற்சியின் சிறு தடுமாற்றமும் அங்கே இரைச்சல் கோடுகளாக வந்து நிற்கும். க்ரையோப்ரோப் (குளிரவைத்த ப்ரோப்) உள்ள கருவிகளிலும் பொதுவாகச் சுழற்றுவதில்லை. ஷிம் நன்றாக இருக்கும் புதிய கருவியில் சாதாரணப் புரோட்டான் ஸ்பெக்ட்ரத்துக்கே சுழற்சி வேண்டியதில்லை. அவசர வேலை நிற்கிறதென்றால் சுழற்சியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், கோளாறைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: திரையில் வேகம் சுழி

சுழி என்று காட்டுவதாலேயே சுழலவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. சாம்பிள் நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும், எண்ணும் சென்சார் மட்டும் பார்க்காமல் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு.

லாக் (கரைப்பானின் டியூட்டீரியம் சிக்னலைப் பிடித்துக் காந்தப்புலத்தை நிலைநிறுத்துவது) பிடித்த நிலையில் ஒரு புரோட்டான் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். பிறகு எக்ஸ் ஷிம்மை (குறுக்குத் திசையில் புலத்தைச் சீராக்குவது) வேண்டுமென்றே ஓரளவு கெடுத்துவிட்டு இன்னொன்று எடுங்கள். கூர்மையான பீக்கின் இருபுறமும் சம தூரத்தில் சிறு பீக்குகள் முளைத்தால் சாம்பிள் சுழல்கிறது. சிறு பீக்குகள் இல்லாமல் பீக் மொத்தமாக அகன்றாலோ பிளந்தாலோ சுழலவில்லை. பார்த்தபின் சேமித்த ஷிம் கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள்.

இந்தச் சிறு பீக்குகள்தான் சைடுபேண்ட். நடு பீக்கிலிருந்து அவை எத்தனை ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றனவோ, அதுதான் சாம்பிளின் உண்மையான வேகம். திரையில் உள்ள எண்ணைவிட இந்த இடைவெளியை நம்பலாம்.

### 1அ. சுழல்கிறது, எண் வரவில்லை

ஸ்பின்னரின் வெளிப்புறத்தில் ஒளியைத் திருப்பும் பட்டைகளும் கறுப்புப் பட்டைகளும் மாறிமாறி இருக்கும். சென்சார் அவற்றை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. கைரேகை, எண்ணெய்ப் படலம், தேய்ந்துபோன பட்டை ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணம்.

ஐசோப்ரோப்பனால் தொட்ட, பஞ்சு உதிராத டிஷ்யூவால் ஸ்பின்னரை மெதுவாகத் துடைத்து முழுக்கக் காய விடுங்கள். அசிட்டோன் வேண்டாம், ஓ-ரிங் ஊதிவிடும், சில ஸ்பின்னர்களில் பட்டையே கரைந்துவிடும். துடைத்தும் எண் வரவில்லை என்றால் வேறு ஸ்பின்னர் போடுங்கள். வந்துவிட்டால் பழைய ஸ்பின்னரின் பட்டை போய்விட்டது என்று பொருள்.

எண் வருகிறது, ஆனால் உண்மை வேகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் இதே காரணம்தான். பட்டையில் ஒரு கீறல் விழுந்தால் சென்சார் அதையும் ஒரு பட்டையாக எண்ணிவிடும். திரை 20 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 20 சுற்று) என்று சொல்லும், சைடுபேண்ட் அதைவிடக் குறைந்த இடைவெளியில் நிற்கும். கட்டுப்படுத்தி பொய்யான எண்ணைப் பார்த்துக் காற்றைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

எந்த ஸ்பின்னர் போட்டாலும் எண் வரவில்லை என்றால் சென்சாரின் கண்ணாடிச் சாளரம் அழுக்காகியிருக்கலாம், ஒளியிழைக் கம்பி தளர்ந்திருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம். மேல் குழாயைக் கழற்றாமல் இவற்றைத் தொட முடியாது. அது சர்வீஸ் பொறியாளரின் வேலை. அதுவரை சுழற்றாமல் ஓட்டலாம், தரவுக்குப் பழுதில்லை.

### 1ஆ. உண்மையிலேயே சுழலவில்லை

முதலில் மென்பொருள். சுழற்சிப் பொத்தான் அணைந்திருக்கிறதா? முன்னால் ஓட்டியவர் இருபரிமாணச் சோதனை ஓட்டியிருந்தால் அதன் அளவுருக்களோடு சுழற்சியும் நிறுத்தப்பட்டிருக்கும். வேகம் சுழியாகக் குறிக்கப்பட்டிருந்தால் 20 என்று மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, சாம்பிள் இருக்கையில் (ஸ்பின்னர் அமர்ந்து சுழலும் இடம்) உட்கார்ந்திருக்கிறதா? "சாம்பிள் கீழே" என்ற விளக்கு எரியவில்லை, லாக் அலையும் மிகச் சிறிதாக இருக்கிறது அல்லது இல்லவே இல்லை என்றால் அது காற்றில் மிதக்கிறது. இரண்டு காரணங்கள் இருக்கலாம். தூக்கும் காற்று முழுதாக மூடவில்லை. பொத்தானை ஒருமுறை போட்டு அணையுங்கள், மேலே கை வைத்தால் காற்று நின்றிருக்க வேண்டும். அல்லது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கான வாயு அதிகம். 5 மி.மீ. ப்ரோபுக்கு மணிக்கு 400 லிட்டர் அளவு வழக்கம். யாராவது உயர்த்திவிட்டுப் போயிருந்தால் அந்த வாயு அடியிலிருந்து சாம்பிளை நெம்பும். ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

பிறகு டியூபின் மேல்பகுதி. காகித லேபிளைக் கொடி போல ஒட்டியிருக்கிறார்களா? மூடியைச் சுற்றிப் பாராஃபில்ம் தடித்திருக்கிறதா? ஒரு பக்கம் தொங்கும் லேபிள் ஒன்றே சுழற்சியைக் கெடுக்கப் போதும். பெயரை மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். டெஃப்லான் வால்வு வைத்த ஜே-யங் டியூப், தீயில் முனை அடைத்த டியூப், குறைந்த கரைசலுக்கான ஷிகெமி டியூப் ஆகியவற்றைச் சுழற்றவே முயல வேண்டாம். அவற்றின் எடை நடுக்கோட்டில் இருப்பதில்லை. 3 மி.மீ. டியூபையும் சுழற்றாமல் ஓட்டுவதே வழக்கம்.

குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் பிளாஸ்டிக் ஸ்பின்னர் நிலைமின்னூட்டம் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ரப்பர் கையுறையால் தேய்த்துத் தேய்த்து டியூப் செருகினால் இது இன்னும் மோசமாகும். லேசாக ஈரம் பட்ட டிஷ்யூவால் துடைத்து, காய்ந்ததும் இறக்கினால் சரியாகிவிடும்.

நல்ல ஜோடியும் சுழலவில்லை என்றால் காற்றுக்கு வாருங்கள். கன்சோலுக்குப் போகும் ரெகுலேட்டரின் முள்ளைப் பாருங்கள். வெறுமனே பார்த்தால் போதாது. தூக்கும் காற்றைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும்போது அழுத்தம் சரியாக இருந்து, காற்று ஓடும்போது முள் சரிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது வழியில் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது. சும்மா இருக்கும்போதே குறைவென்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது அதே இணைப்பில் வேறொரு கருவி காற்றை இழுக்கிறது. ஃபில்டர் உறை மாற்றுவது சிறு செலவு. பயிற்சி பெற்ற இயக்குநரே செய்யலாம். கம்ப்ரஸரை நிறுத்தி, குழாயில் உள்ள அழுத்தத்தை வடித்த பிறகுதான் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும்.

அழுத்தம் சரி, ஸ்பின்னர் சரி, டியூப் சரி, ஆனாலும் அசைவில்லை என்றால் சுழற்சிக் காற்றைத் திறக்கும் சாலினாய்டு (மின்னால் இயங்கும்) வால்வோ, இருக்கைக்குள் காற்று புகும் நுண்துளைகளோ காரணம். முன்பு எப்போதாவது டியூப் உடைந்திருந்தால் கண்ணாடித் துகள் இருக்கையில் கிடக்கலாம். இங்கே நிறுத்திக்கொண்டு பொறியாளரை அழையுங்கள். குச்சியில் டிஷ்யூ சுற்றி மேலிருந்து விட்டுத் துழாவினால் துகள் இன்னும் கீழே, ப்ரோபுக்குள் போய்விடும்.

## அறிகுறி 2: சுழல்கிறது, வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை

20 என்று குறித்திருக்க, எண் 14-க்கும் 26-க்கும் இடையே அலைகிறது. அல்லது 20-ல் நின்றுவிட்டுத் திடீரென்று விழுகிறது. லாக் அலையும் அதோடு சேர்ந்து ஆடும்.

முதலில் டியூபைக் கழற்றி இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு தட்டையான கண்ணாடிப் பலகையில் டியூபை வெளிச்சத்துக்கு எதிராக உருட்டுங்கள். நேரான டியூப் பலகையை ஒட்டியே உருளும். வளைந்த டியூபின் அடியில் வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறையும். இரண்டாவதாக, டியூபை ஸ்பின்னரில் செருகி, ஸ்பின்னரை விரல்களுக்கு நடுவே மெதுவாகச் சுழற்றிக்கொண்டு அடிமுனையைப் பாருங்கள். முனை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தலையாட்டும் பம்பரம் போல வட்டம் போட்டால் அந்த டியூப் சுழற்சிக்கு ஆகாது.

டியூப் ஏன் வளைகிறது? பெரும்பாலும் உலர்த்தும் அடுப்பில்தான். கழுவிய டியூப்களை பீக்கரில் சாய்த்து நிற்கவைத்து இரவு முழுக்க அதிகச் சூட்டில் விட்டால், கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துவிடும். தட்டையான தட்டில் படுக்கவைத்து, 125 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், அரை மணி நேரம் வைத்தால் போதும். வெப்பம் தாங்காதவற்றுக்கு வெற்றிட அறையும் நைட்ரஜன் ஊதலும் இருக்கின்றன. டியூபின் உள்ளே கம்பித் தூரிகை விடக் கூடாது. அதன் கீறல் டியூபைப் பாழாக்கும்.

அடுத்து ஸ்பின்னருக்குள் டியூபைப் பிடித்திருக்கும் ஓ-ரிங். இதைத்தான் நிறையப் பேர் மறந்துபோகிறார்கள். டியூபைச் செருகிவிட்டு ஸ்பின்னரை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். டியூப் தன் எடையால் கீழிறங்கினால் ரிங் தேய்ந்துவிட்டது. விரலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் டியூப் ஆடுகிறதா என்றும் பாருங்கள். தளர்ந்த ரிங் இரட்டைத் தொல்லை தரும். சுழலும்போது டியூப் ஒரு பக்கம் சாயும். இறங்கும் அதிர்ச்சியில் டியூப் நழுவி ஆழமும் மாறும். ரிங்குக்கு கிரீஸ் போடாதீர்கள். புது ரிங் மாற்றுங்கள், மலிவுதான். அளவு மட்டும் கம்பெனி சொன்னதாக இருக்கட்டும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு ரிங் டியூபை நடுக்கோட்டில் பிடிக்காது.

டியூபைச் செருகும் முறையையும் சொல்ல வேண்டும். ஸ்பின்னருக்கு மிக அருகில் டியூபைப் பிடித்து, சற்றே திருகிக்கொண்டு, சிறிது சிறிதாக உள்ளே தள்ளுங்கள். மேல்முனையை உள்ளங்கையால் அழுத்தினால் டியூப் நடுவே முறியும், கையும் கிழியும்.

டியூபும் ரிங்கும் சரியென்றால் உள்ளே இருக்கும் கரைசலைப் பாருங்கள். பாகுத்தன்மை குறைந்த கரைப்பான்களில் வேகம் கூடினால் நடுவே சுழல்பள்ளம் விழும். அசிட்டோனிலும் குளோரோஃபார்மிலும் 20-ஐத் தாண்டிப் போகாதீர்கள். 10 மி.மீ. டியூபில் இன்னும் சீக்கிரம் பள்ளம் விழும். அதற்கு 10 முதல் 15 ஹெர்ட்ஸ் போதும், கரைசலின் மேல் டெஃப்லான் அடைப்பானும் போட வேண்டும். கரையாத தூள் அடியில் படிந்திருந்தாலும் சமநிலை கெடும். வடிகட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால், ஆட்டத்துக்கு ஒரு கால ஒழுங்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேக எண்ணைப் பத்து நிமிடம் கவனித்து, விழும் நேரங்களைக் காகிதத்தில் குறியுங்கள். கூடவே ஒருவர் கம்ப்ரஸர் அறையில் நின்று அது ஓடத் தொடங்கும், நிற்கும் நேரங்களைக் குறிக்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் கோளாறு கருவியில் இல்லை. கம்ப்ரஸரின் ஏற்ற இறக்கம் ரெகுலேட்டரைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. ரெகுலேட்டரின் உதரவிதானம் சோர்ந்திருக்கும், அல்லது இடையில் ஒரு சேமிப்புத் தொட்டி தேவைப்படும்.

ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு ஆடினால் குழாயில் தண்ணீரோ எண்ணெயோ இருக்கலாம். ஃபில்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, வரும் காற்றின் முன் ஒரு வெள்ளை டிஷ்யூவை ஒரு நிமிடம் பிடியுங்கள். ஈரம் பட்டால் உலர்த்தி வேலை செய்யவில்லை. மஞ்சள் கறை பட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் தாண்டி வருகிறது. எண்ணெய் பிரிக்கும் ஃபில்டரை உடனே மாற்ற வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சேமிப்புத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் சேரும். தானாக வடிக்கும் வால்வு துருவேறிச் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கையால் தினமும் ஒருமுறை வடித்துவிடுவது நல்லது.

எண்ணெய் ஒருமுறை கருவிவரை வந்துவிட்டதென்றால் ஸ்பின்னரை மட்டும் துடைத்துப் பயனில்லை. இருக்கையிலும் வால்வுகளிலும் படலம் இருக்கும். அதைச் சுத்தம் செய்யப் பொறியாளர் வர வேண்டும். ஆனால் அவர் வரும் முன் காற்றுப் பாதையைச் சரிசெய்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி அழைக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி 3: குறித்த வேகத்தை எட்டவில்லை

12, 13 வரை வந்து நின்றுவிடுகிறது. இது பெரும்பாலும் உரசல். ஸ்பின்னரின் கூம்பு அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள்; கீறல், படிந்த கரைப்பான், பசை ஏதாவது தெரியும். துடையுங்கள். கீறல் நகத்தில் இடறினால் அந்த ஸ்பின்னரை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். உரசலோடு சுழலும் ஸ்பின்னரைக் கூடுதல் காற்றால் தள்ளினால் அது இருக்கையையும் தேய்க்கும். அதோடு அந்த ரெகுலேட்டர்தான் பெரும்பாலும் தூக்கும் காற்றுக்கும். அடுத்த முறை சாம்பிளை வெளியேற்றும்போது அது மேலே பாய்ந்து வரும்.

## அறிகுறி 4: வேகம் சரி, ஆனால் சைடுபேண்ட் பெரிதாக இருக்கிறது

முதலில் அது சைடுபேண்ட்தானா என்று உறுதிசெய்யுங்கள். வேகத்தை 20-லிருந்து 15-க்கு மாற்றி இன்னொரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். நகர்ந்தால் சைடுபேண்ட். நகராமல் அதே இடத்தில் நின்றால் வேறு ஏதோ. 50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ நகராமல் நிற்பது மின்இணைப்பிலிருந்து வரும் இரைச்சல்; அதற்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை. 20 ஹெர்ட்ஸ் என்பது 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு), 500-ல் 0.04 பிபிஎம். இந்தத் தூரத்தில் மாசுப் பொருளின் பீக் என்று நினைத்து ஆய்வேட்டில் எழுதிவிடுபவர்கள் உண்டு. அதனால் இந்தச் சோதனையை மாணவர்களுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் பெரிது? குளோரோஃபார்ம் பீக்கின் இருபுறமும் சுமார் 104 ஹெர்ட்ஸ் தள்ளி கார்பன்-13 துணைபீக்குகள் நிற்கும். ஒவ்வொன்றும் நடு பீக்கில் ஏறத்தாழ 0.55 சதவீதம். சைடுபேண்ட் அந்தத் துணைபீக்கைவிடச் சிறிதாக இருந்தால் கவலை வேண்டாம். 1 சதவீதத்தைத் தாண்டினால் வேலை இருக்கிறது.

நல்ல ஜோடியைப் போட்டு ஒப்பிடுங்கள். அதில் சைடுபேண்ட் சிறிதாகிவிட்டால் டியூபின் தரம்தான் காரணம். மலிவு டியூப்களில் உட்சுவரும் வெளிச்சுவரும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. எவ்வளவு ஷிம் போட்டாலும் அது தீராது.

நல்ல ஜோடியிலும் பெரிதென்றால் ஷிம். இங்கே சைடுபேண்ட் எந்தத் தூரத்தில் நிற்கிறது என்பதே எதைத் தொட வேண்டும் என்று சொல்லிவிடும்.

வேகத்துக்குச் சமமான தூரத்தில், அதாவது 20 ஹெர்ட்ஸில் பெரிதாக இருந்தால் எக்ஸ், ஒய், எக்ஸ்இசட், ஒய்இசட் ஷிம்கள் தவறியிருக்கின்றன. இருமடங்குத் தூரத்தில், 40 ஹெர்ட்ஸில் பெரிதாக இருந்தால் எக்ஸ்ஒய், எக்ஸ்²−ஒய்² ஆகியவை. சரிசெய்யும் வரிசை இது:

1. சுழற்சியை நிறுத்துங்கள். சுழலும்போது இந்த ஷிம்களை மாற்றினால் லாக் அளவில் வித்தியாசம் சரியாகத் தெரியாது.
2. இசட்1, இசட்2 (டியூபின் நீளவாக்கு ஷிம்கள்) இரண்டையும் லாக் அளவு உச்சத்துக்கு வருமாறு வையுங்கள்.
3. எக்ஸ், ஒய். பிறகு எக்ஸ்இசட் தொட்டதும் திரும்ப எக்ஸ். ஒய்இசட் தொட்டதும் திரும்ப ஒய். இவை ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும்.
4. 40 ஹெர்ட்ஸில் தொல்லை இருந்தால் மட்டும் எக்ஸ்ஒய், எக்ஸ்²−ஒய்².
5. சுழற்சியைப் போட்டு இசட்1, இசட்2 மறுபடி தொட்டு, ஸ்பெக்ட்ரம் எடுத்து ஒப்பிடுங்கள்.

லாக் அளவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓரிரு விநாடி தாமதித்தே பதில் சொல்லும். அவசரப்பட்டுத் திருகினால் உச்சத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கரைசலின் உயரமும் முக்கியம். 5 மி.மீ. டியூபில் 40 மி.மீ. உயரம் என்றால் ஏறக்குறைய 0.55 மில்லிலிட்டர். 0.3 மில்லிலிட்டரை வைத்துக்கொண்டு ஷிம்மோடு மல்லுக்கட்டுவது வீண். கரைசலின் நடுப்பகுதி காயிலின் நடுவில் வரும்படி ஆழமானியில் (டியூப் ஸ்பின்னருக்குக் கீழே எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் அளவி) வைத்துப் பாருங்கள்.

ஷிம் எண்கள் அவற்றின் எல்லையில் போய் முட்டினாலோ, நேற்றைய நல்ல கோப்பை ஏற்றியும் சைடுபேண்ட் குறையாவிட்டாலோ பொறியாளரிடம் போக வேண்டிய நேரம். ப்ரோப் சரியாக உட்காராமல் சாய்ந்திருக்கலாம், ஷிம் மின்வழங்கியில் ஒரு வழி போயிருக்கலாம்.

## அறிகுறி 5: தட்டும் சத்தம், கிறீச்சிடும் சத்தம்

உடனே சுழற்சியை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். டியூபின் அடி ப்ரோபின் உட்சுவரை இடிக்கிறது.

சத்தம் நின்றதும் சாம்பிளை வெளியேற்றி, ஆழமானியில் வைத்துப் பாருங்கள். ஆழம் ப்ரோபுக்கு அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கும். கரைசல் குறைவாக இருக்கிறது என்று டியூபை இன்னும் கீழே தள்ளுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். ஆழமானியின் அடிநிறுத்தத்தை யாராவது மாற்றிவைத்திருக்கவும் கூடும்.

டியூப் முழுதாக மேலே வரவில்லை, உடைந்திருக்கிறது, அல்லது கரைசல் குறைந்திருக்கிறது என்றால்: வெப்பமூட்டியை அணையுங்கள், வேறு எந்த சாம்பிளையும் இறக்காதீர்கள், காற்றைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊதாதீர்கள். கருவியின் மேல் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். உள்ளே சிந்திய கரைப்பான் என்ன, எவ்வளவு என்பதை எழுதிவையுங்கள். ப்ரோபைக் கழற்றுபவருக்கு அது தேவைப்படும்.

## அறிகுறி 6: வெப்பநிலையை மாற்றினால் மட்டும் தொல்லை

குளிரில் நின்றுபோனால் பனிதான். ஈரமுள்ள காற்று குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் இருக்கையில் பனி படியும், ஸ்பின்னர் ஒட்டிக்கொள்ளும். குறைந்த வெப்பநிலை வேலைக்குக் காற்றுக்குப் பதில் உலர் நைட்ரஜன் வேண்டும். குளிர்விக்கும் முன்பே அதை ஓடவிட்டுக் குழாயை உலர்த்திக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்ட சாம்பிளை அழுத்தம் கூட்டி வெளியேற்றாதீர்கள். வாயு ஓட்டத்தை நிறுத்தாமல் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் தானே விடும்.

சூட்டில் நின்றுபோனால் ஸ்பின்னரின் பொருளைப் பாருங்கள். சாதாரண நீல நிற பிளாஸ்டிக் ஸ்பின்னரை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டு போகக் கூடாது. விரிந்து இறுகும், நிரந்தரமாக உருவும் கெடும். அதற்கு மேல் பீங்கான் ஸ்பின்னர். ஒருமுறை சூடேறிய பிளாஸ்டிக் ஸ்பின்னரை அன்றாட வேலைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

## திட மாதிரி ரோட்டர் சுழலவில்லை என்றால்

இங்கே கணக்கே வேறு. வேகம் கிலோஹெர்ட்ஸில்: 7 மி.மீ. ரோட்டருக்கு உச்சம் 7, 4 மி.மீ.க்கு 15, 2.5 மி.மீ.க்கு 35. தாங்கும் வாயு ரோட்டரை மிதக்கவைக்கிறது, இயக்கும் வாயு மூடியிலுள்ள இறக்கைகளைத் தள்ளுகிறது.

*எண் வரவில்லை:* ரோட்டரின் அடிவிளிம்பில் பாதி வட்டத்துக்குப் போடும் கறுப்பு மார்க்கர் மை அழிந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பாதிக்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

*தொடங்கவே மறுக்கிறது அல்லது 2, 3 கிலோஹெர்ட்ஸில் தள்ளாடுகிறது:* நிரப்பியதில் கோளாறு. ரோட்டரைக் காலிசெய்து, பொடியை உரலில் மாவாக அரைத்து, சிறிது சிறிதாகப் போட்டு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்தில் நிரப்புங்கள். நடுவே காற்றிடம் இருந்தால் சமநிலை வராது. மூடிக்கும் ரோட்டருக்கும் இடையே மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது, உருப்பெருக்கியில் பாருங்கள். இறக்கை ஒன்று உடைந்திருந்தால் மூடியை எறிந்துவிடுங்கள்.

*மின்கடத்தும் மாதிரி:* உலோகத் தூள், கரிப் பொருள்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது உள்ளே சுழல்மின்னோட்டம் உண்டாகி வேகத்தைப் பிடித்திழுக்கும், சூடும் ஏறும். மின்கடத்தாத பொடியோடு கலந்து நிரப்பி, மெதுவாக ஏற்றுங்கள்.

புதிதாக நிரப்பிய ரோட்டரை முதலில் 1, 2 கிலோஹெர்ட்ஸில் சில நிமிடம் விட்டு, அது நிலைத்த பிறகே படிப்படியாக ஏற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் திடீரென்று சுழிக்கு விழுந்து, கூர்மையான சத்தம் கேட்டால் ரோட்டர் உடைந்திருக்கிறது. வாயுவை நிறுத்துங்கள், வெளியேற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். சிர்கோனியாத் துண்டுகள் ஸ்டேட்டரை (ரோட்டர் சுழலும் கூடு) கிழித்துவிடும். பழுது பார்த்தபின் பொட்டாசியம் புரோமைடு ரோட்டரைப் போட்டு மாயக்கோணம் (ரோட்டர் காந்தப்புலத்துக்குச் சாய்ந்திருக்க வேண்டிய கோணம்) நகர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 54.74 டிகிரியிலிருந்து சற்றே விலகினாலும் கோடுகள் அகன்றுவிடும்.

## பொறியாளரை அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

"சுழலவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் வந்து இதே சோதனைகளை முதலிலிருந்து செய்வார், அதற்கும் சேர்த்து நீங்கள் பணம் கொடுப்பீர்கள். நல்ல ஜோடியில் என்ன நடந்தது, எத்தனை ஸ்பின்னர் மாற்றிப் பார்த்தீர்கள், காற்று ஓடும்போதும் நிற்கும்போதும் ரெகுலேட்டர் காட்டிய அழுத்தம், திரையில் வந்த வேகம், சைடுபேண்ட் இடைவெளியிலிருந்து கிடைத்த வேகம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். கடைசியாகச் சரியாக ஓடிய நாளின் ஸ்பெக்ட்ரத்தையும் இன்றைய ஸ்பெக்ட்ரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். எந்த உதிரிபாகத்தோடு வர வேண்டும் என்பதை அவர் இவற்றை வைத்தே முடிவுசெய்ய முடியும்.